ஆர்சியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: அண்டைவீட்டாரைக் கீழ்த்தளத்துக்கு வரவழைக்கும் வழி

சிங்கப்பூரில் உங்கள் பேட்டையின் குடியிருப்பாளர் குழுவில், அதாவது ஆர்சியில், உங்களைச் சேர்த்துவிட்டார்கள். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, வாட்ஸ்அப் குழுவில் ஓர் இடம், அடுத்த மாத நிகழ்ச்சிக்கு "ஆள் கூட்டிட்டு வாங்க" என்று ஒரு பொறுப்பு. எப்படிக் கூட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: மின்தூக்கிக்குப் பக்கத்தில் சுவரொட்டி ஏறும், வழக்கமாக வரும் அதே முகங்கள் வரும், அன்பளிப்புப் பை தீர்ந்ததும், அடுக்குமாடி புளோக்கின் அடியில் இருக்கும் திறந்த பொது இடமான கீழ்த்தளம் காலியாகும்.

இது அந்த நிலையில் இருக்கும் புதியவருக்கான வழிகாட்டி. அடிப்படையாகச் சொல்ல வருவது ஒன்றுதான். நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று அழைத்தால் வராதவர், ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்து அழைத்தால் வருவார். யாருக்கு, எப்போது, எந்த வேலையைக் கொடுப்பது என்பதைச் சுற்றித்தான் கீழே உள்ள எல்லாப் படிகளும்.

முதல் படி: யார் எதற்குப் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது சலிப்பான பகுதி. ஆனாலும் இதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. காரணம், நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் உங்கள் காதில் முதலில் விழப்போவது ஒரு புகார். லிஃப்ட் நாற்றம், மேல்மாடியிலிருந்து சொட்டும் துணி, எரியாத விளக்கு, குப்பைத் தொட்டி. அதை யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவர் கேட்கப்போவதில்லை.

மின்தூக்கி, தாழ்வார விளக்கு, துப்புரவு, கீழ்த்தளம் போன்ற பொது இடங்களெல்லாம் நகர மன்றத்தின் வேலை. நகர மன்றங்கள் 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டப்படி அமைந்தவை. அந்தந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்துகிறார்கள், வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் அங்கேதான் போகிறது. வீட்டுக்குள்ளே கூரை ஒழுகினால் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். கொசு என்றால் தேசிய சுற்றுப்புற வாரியம். வகுப்புகள், விழாக்கள், சமூக மன்றம், நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் குழு எல்லாம் 1960இல் தொடங்கிய மக்கள் கழகத்தின் குடைக்குக் கீழே வருபவை. குடியிருப்பாளர் குழுக்கள் 1978இல் வந்தன. அண்மை ஆண்டுகளில் பெயரை மாற்றி ஆர்என் (ரெசிடண்ட்ஸ் நெட்வொர்க்) ஆக்கியிருக்கிறார்கள்; புளோக்கிலுள்ள மூத்தோருக்கு அது இன்றும் ஆர்சிதான், அவர்களைத் திருத்த வேண்டியதில்லை. இவை போக மத்திய, வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என்று ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) உண்டு. கடைகளில் செலவழிக்க வீடுகளுக்குக் கிடைக்கும், எல்லார் வாயிலும் அடிபடும் சிடிசி பற்றுச்சீட்டு அங்கிருந்து வருவது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2015இல் வந்த ஒன்சர்வீஸ் செயலி இருக்கிறது. படம் எடுத்து, புளோக் எண்ணைப் போட்டு அனுப்பினால் எந்த அமைப்புக்குப் போக வேண்டுமோ அங்கே போய்விடும். புகார் சொன்னவரின் கைப்பேசியிலிருந்தே, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பச் செய்யுங்கள். உங்கள் கைப்பேசியிலிருந்து அனுப்பினால் அடுத்த முறையும் அவர் உங்களைத்தான் தேடுவார். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் "சரியாச்சா, ஆன்ட்டி?" என்று கேளுங்கள். சரியாகியிருக்காவிட்டாலும் பரவாயில்லை. திரும்பி வந்து கேட்டவர் என்று உங்கள் முகம் அந்தத் தாழ்வாரத்தில் பதிந்துவிடும்.

இன்னொரு கேள்வியும் வரும்: "இது கட்சி வேலையா?" நேராகப் பதில் சொல்லுங்கள். மக்கள் கழகம் ஓர் அரசாங்கச் சட்ட அமைப்பு. நகர மன்றம் வேறு, குடியிருப்பாளர் குழு வேறு. அல்ஜுனிட், ஹவ்காங், செங்காங் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அங்கே நகர மன்றம் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் உறுப்பினர்களிடம், மக்கள் கழக அமைப்புகளின் ஆலோசகர் வேறொருவர். உங்கள் சொந்த அரசியல் கருத்து எதுவாக இருந்தாலும் அட்டையை மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் பேச வேண்டாம். குழுவின் வாட்ஸ்அப்பிலும் வேண்டாம்.

இரண்டாம் படி: கதவைத் தட்டுங்கள், ஆனால் நேரம் பார்த்து

வார நாளில் இரவு ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள், வார இறுதியில் காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. இந்த இரண்டு வேளையும் ஓரளவு சரியாக வரும். சூரியன் மறையும் ஏழு மணிவாக்கில் மலாய் வீடுகளில் தொழுகை நேரம், அப்போது மணி அடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். ஒன்பதுக்குப் பிறகு எந்த வீடாக இருந்தாலும் தொந்தரவுதான்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் மற்றவருக்கு மாண்டரினோ மலாயோ தெரிந்திருக்கட்டும். முடிந்தால் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. தனியாக இருக்கும் பாட்டிமார் ஆண்கள் மட்டும் வந்து நின்றால் கம்பிக்கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டே "வேண்டாம், வேண்டாம்" என்று கை ஆட்டிவிடுவார்கள். உள்ளே வரச்சொன்னாலும் முதல் தடவை வாசலிலேயே நில்லுங்கள். இப்போதெல்லாம் மோசடிக்காரர்களைப் பற்றி எச்சரிக்கை கேட்டுக் கேட்டு மூத்தோருக்கு எல்லார் மேலும் சந்தேகம். அது நல்லதுதான், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அட்டையைக் காட்டுங்கள். வங்கி, பணம், சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) என்ற பேச்சே எடுக்காதீர்கள்.

என்ன கேட்பது? "எந்த மாதிரி நிகழ்ச்சி வேணும்?" என்று கேட்காதீர்கள். "எதுனாலும் சரி" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நான் மூன்றே கேள்வி கேட்பேன். நீங்கள் வழக்கமாக எப்போது வீட்டில் இருப்பீர்கள்? இந்தத் தளத்தில் யாரையாவது தெரியுமா? ஓய்வு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விதான் தங்கம். மீன் தொட்டி வளர்ப்பவர், பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டுபவர், தையல் தெரிந்த ஆன்ட்டி, ஆறு மணிக்கே எழுந்து நடக்கப் போகும் தாத்தா, மாலையில் காற்பந்து ஆடும் பையன் என்று ஒரு பட்டியல் சேரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், புளோக், தளம், தெரிந்த வேலை. அவ்வளவு போதும். கைப்பேசி எண்ணை அவராகக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள், எதற்காக என்றும் சொல்லுங்கள். அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரிலிருந்து நிறுவனங்கள் அவசியமில்லாமல் அந்த எண்ணைக் கேட்டு வாங்கக்கூடாது என்ற விதி கடுமையாகிவிட்டது. அது ஒரு பக்கம் இருக்க, கேட்ட மாத்திரத்தில் கதவு மூடிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வேலை கொடுங்கள்

இனி பட்டியலோடு திரும்பிப் போகலாம். "ஞாயிற்றுக்கிழமை கீழே காலை உணவு இருக்கு, வாங்க" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், வரமாட்டார்கள். "அங்கிள், ஞாயிறு ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் பிள்ளைங்க சைக்கிளுக்குக் காத்தடிச்சு பிரேக் பாத்துத் தர முடியுமா? பம்ப் நாங்க கொண்டு வர்றோம்" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கொஞ்சம் தயங்குவார். அப்புறம், "பிரேக்குக்கு பம்ப் மட்டும் போதாது, ஸ்பேனரும் வேணும்" என்பார். அந்த நொடியில் அவர் உங்கள் குழுவில் சேர்ந்துவிட்டார், அது அவருக்கே தெரியாது.

எந்த வேலையும் இதற்கு ஆகிவிடாது. சில அடையாளங்களைப் பாருங்கள். அது அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொன்னால் அது வகுப்பு, வேலை இல்லை. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெளிவாக இருக்க வேண்டும். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றால் நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடுவார்களோ என்று மனிதர்கள் பயப்படுவது இயல்பு. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருக்க வேண்டும். நாற்காலி அடுக்குவதும் வேலைதான், ஆனால் ஆள் வருமுன் அடுக்கி, ஆள் போனபின் எடுத்து வைப்பவரை யாருக்கும் தெரியாமல் போகிறது. கடைசியாக, அவர் வராவிட்டால் அந்த மேசை காலியாக நிற்கும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். பத்துத் தொண்டூழியர்களுக்குப் பின்னால் பதினொன்றாவதாக நிற்க யாருக்கும் ஆசையில்லை.

தமிழ் வீடுகளில் இதைச் செய்வது சுலபம், அதேநேரம் கொஞ்சம் சிக்கலும்கூட. கோலம் போடத் தெரிந்தவர், பொங்கல் வைக்கத் தெரிந்தவர், தேவாரம் பாடத் தெரிந்தவர் என்று உடனே ஆள் கிடைத்துவிடும். ஆனால் தமிழர் என்றாலே கோலத்தையும் பொங்கலையும் மட்டுமே கேட்பது சரியில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவரும், ஒலிபெருக்கியைச் சரிசெய்யத் தெரிந்தவரும் நம்மவர்களில் இருக்கிறார்கள். உங்களுக்கும் இதே கதிதான் நேரும். குழுவில் ஒரே தமிழர் நீங்களாக இருந்தால் "இந்திய நிகழ்ச்சியெல்லாம் இவர் பார்த்துக்குவார்" என்று ஒதுக்கிவிடுவார்கள். தீபாவளியை ஏற்றுக்கொள்ளுங்கள்; அத்துடன் சேர்த்து நடுஇலையுதிர் விழா விளக்கு ஊர்வலத்திலும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். சமூக மன்றத்தில் இந்திய நற்பணிச் செயற்குழு தனியாக இருக்கிறது, பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டங்களைப் பெரிய அளவில் நடத்த அவர்களுக்கு அனுபவமும் உண்டு. அதே வேலையை நீங்கள் கீழ்த்தளத்தில் சிறியதாக இன்னொரு முறை செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

நான்காம் படி: சிறியதாகத் தொடங்குங்கள்

முதல் நிகழ்ச்சியை ஒரு புளோக்குக்கு மட்டும் வையுங்கள், முடிந்தால் அதிலும் சில தளங்களுக்கு மட்டும். மின்தூக்கி முன்னால் இரண்டு மேசை, காப்பி, மைலோ, பிஸ்கட், சைக்கிள் அங்கிள், தையல் ஆன்ட்டி. ஒன்றரை மணி நேரம். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். மேடை போட்டவுடன் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேச வாய்ப்பே இல்லை.

தமிழருக்கு மட்டும் ஒன்று வைக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு புளோக் அளவில் அது கைகூடாது, அதற்குக் காரணம் 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, வீவக வீடு வாங்குவதற்கு இனவாரியாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியர், இதர இனத்தவர் பிரிவுக்கு 2010இல் உயர்த்தியபின் அந்த வரம்பு வட்டாரத்துக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. நூறு வீடுள்ள புளோக் என்றால் பதினைந்து வீடு. அதில் தமிழ் பேசும் வீடு இன்னும் குறைவு. ஆகவே, தமிழில் ஏதாவது செய்ய நினைத்தால் பல புளோக்குகளைச் சேர்த்து சமூக மன்றத்தில் வையுங்கள். ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடக்கும் தமிழ் மொழி விழா அதற்கு ஏற்ற காலம். கீழ்த்தளத்தை எல்லா இனத்தவருக்குமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்குள்ளும் ஒரு கோடு இருப்பதை மறைத்துப் பயனில்லை. இங்கேயே மூன்று தலைமுறையாக இருப்பவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர்களும் ஒரே நிகழ்ச்சிக்கு வந்தாலும் வேறு வேறு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள். உரை நிகழ்த்தி அதை மாற்ற முடியாது. ஒரு மேசைப் பொறுப்பை இரண்டு பக்கமும் ஒவ்வொருவராகச் சேர்த்துக் கொடுங்கள். கரண்டி யார் கையில் என்ற பேச்சிலிருந்து பிள்ளைகளின் பள்ளி வரை வந்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடும் இடமும்

சாப்பாட்டில் தடுக்கினால் திரும்ப வரமாட்டார்கள். வெளியிலிருந்து வாங்கினால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். மாட்டிறைச்சி வேண்டாம். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. ஒரே மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு வைத்துவிட்டு "சைவமும் இருக்கு" என்பது போதாது. நம்மில் வெள்ளிக்கிழமை, புரட்டாசி பார்ப்பவர்கள் உண்டு. சீன மூத்தோரிலும் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான். அந்த ஒரு மேசை பலருக்கும் ஆகும்.

ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருவது கேட்க இனிமையாக இருக்கும், நடைமுறையில் மலாய்க் குடும்பங்களைத் தர்மசங்கடத்தில் நிறுத்தும். சாப்பிடவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. அதனால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதாக இருந்தால் பழம், பாக்கெட்டில் அடைத்த பலகாரம், பானம் என்று பிரித்துக் கொடுங்கள். சமைத்ததுதான் வேண்டும் என்றால் மலாய் வீட்டு மக்சிக் (அவர்கள் மொழியில் ஆன்ட்டி) ஒருவரிடம் நாசி லெமாக் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நோன்பு மாதத்தில் பகல் நேரச் சாப்பாட்டு நிகழ்ச்சி வேண்டாம், நோன்பு துறக்கும் நேரத்தை ஒட்டி வையுங்கள்.

கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து எடுப்பது, அடுப்பு மூட்டலாமா, நடைபாதையில் எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் பானை வைப்பதாக இருந்தால் நெருப்பைப் பற்றி முதலிலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள். அன்று காலை வந்து சொன்னால் நடக்காது. அதே கீழ்த்தளத்தில் துக்க வீடு வந்துவிட்டால் உங்கள் நிகழ்ச்சிதான் இடம் மாற வேண்டும். அதில் வாதம் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அதிகம், கூரைக்கு வெளியே எதையும் நம்பாதீர்கள். இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பது வீவகவின் அறிவுரை. ஒன்பதரைக்கே முடித்துவிட்டால் இரண்டாம் மாடிக்காரர் அடுத்த முறை உங்களோடு நிற்பார்.

ஆறாம் படி: தமிழ்ச் சுவரொட்டியைத் தமிழர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்

நான்கு மொழியில் அறிவிப்பு வருவது இந்த ஊரின் நல்ல பழக்கம். ஆனால் தமிழ் வரி மட்டும் அடிக்கடி கந்தலாக வரும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் வட்டம் என்று எழுத்துரு சிதைந்திருக்கும். இல்லையென்றால் கணினி மொழிபெயர்த்த, எந்த மனிதரும் பேசாத வாக்கியம். அதைப் பார்க்கும் தமிழ் மூத்தவருக்குக் கிடைக்கும் செய்தி, இது உங்களுக்காக இல்லை என்பதுதான். அச்சுக்குப் போகுமுன் கோப்பைத் திறந்து படித்துப் பாருங்கள். ஒரு வரியாக இருந்தாலும் போதும், அது சரியான தமிழாக இருக்கட்டும். "சிறப்பம்சங்கள் பல நிறைந்த மாபெரும் சமூக ஒன்றுகூடல் நிகழ்வு" என்பதைவிட "ஞாயிறு காலை 9 மணி, புளோக்கின் கீழே, காப்பி குடிக்க வாங்க" மேல்.

ஏழாம் படி: கருத்துக் கேட்டால் பதில் சொல்லுங்கள்

உள்ளாட்சி அமைப்புகளின் பக்கம் ஒரு பெரிய பலவீனம் இங்கேதான். முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது. மக்கள் முட்டாள்கள் இல்லை, இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது கேள்வித்தாளைக் குப்பையில் போடுவார்கள்.

உண்மையாகவே மக்களின் கையில் முடிவு இருக்கும் ஒரு திட்டத்தைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2007இல் அறிமுகமான அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்தில் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது, வேலையை நடத்துவது நகர மன்றம். ஆனால் தகுதியுள்ள வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்தால்தான் வேலை தொடங்கும். மூடப்பட்ட நடைபாதை எங்கே வர வேண்டும், விளையாட்டு இடம் யாருக்கு, உடற்பயிற்சிக் கருவிகள் எந்தப் பக்கம் என்று சந்திப்புகளிலும் கண்காட்சிகளிலும் கேட்பார்கள். உங்கள் வட்டாரத்துக்கு இந்தத் திட்டம் வந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வாய்ப்பு. எப்போதும் வராதவர்கூட, தன் ஜன்னலுக்குக் கீழே கூடைப்பந்துத் திடல் வரப்போகிறது என்றால் வருவார். கத்தவும் செய்வார். கத்தட்டும். பெயரையும் தளத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்கு அவருடைய தாழ்வாரத்துக்காரர்களைக் கூட்டிவரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். புகார் சொல்பவருக்கு அக்கறை இருக்கிறது, அமைதியாகத் தலையாட்டுபவரிடம் அது இருக்கிறதா என்பது சந்தேகம்.

உங்கள் சொந்த நிகழ்ச்சிகளிலும் இதையே பின்பற்றலாம். எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். "தேதி மாறாது, சாப்பாடு நீங்கள் முடிவு செய்யலாம்" என்பது நேர்மையான பேச்சு. பிறகு மின்தூக்கிப் பக்க அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: கேட்டது இது, செய்தது இது, செய்ய முடியாதது இது, காரணம் இது. முடியாததைக் காரணத்தோடு எழுதுவதை எந்தக் குழுவும் விரும்பாது. நீங்கள் வற்புறுத்துங்கள்.

எட்டாம் படி: எப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒன்று வேண்டும்

விழா முடிந்தால் முடிந்தது. வாரம் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்று இருந்தால்தான் மக்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள். நடைப்பயிற்சி, கேரம், குழந்தைகளின் வாசிப்பு எதுவும் ஆகும். என் தேர்வு தோட்டம்.

தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் 2005இல் தொடங்கியது. இன்று தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உண்டு. தொடங்க விரும்பினால் குடியிருப்பாளர் குழு வழியாக நகர மன்றத்திடம் இடம் கேட்டு, பூங்காக் கழகத்தின் ஆலோசனையைப் பெறலாம். தனக்கென்று ஒரு பாத்தி மட்டும் வேண்டும் என்பவர்களுக்குப் பூங்காக்களில் வாடகைப் பாத்தி வேறு இருக்கிறது, 2016இல் ஹார்ட்பார்க்கில் ஆரம்பித்தது, ஆண்டுக்கு 57 வெள்ளி. சமூகத் தோட்டம் அப்படி இல்லை, அது கூட்டாகச் செய்வது.

கறிவேப்பிலை, முருங்கை, பாண்டான், செராய் (எலுமிச்சைப்புல்), வெண்டை. இந்த ஐந்து போதும், மூன்று இனத்துச் சமையலறைக்கும் வேலை நடக்கும். கறிவேப்பிலை பறிக்க வரும் அம்மாவும் செராய் பறிக்க வரும் மக்சிக்கும் அங்கேதான் சந்தித்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு நிகழ்ச்சியும் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருங்கள். கொஞ்ச நாளில் வேலி வரும், அப்புறம் பூட்டு வரும், சாவி நாலு பேரிடம் மட்டும் இருக்கும். பறித்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்களின் நியாயமான வருத்தம். ஆனால் பூட்டு விழுந்த தோட்டம் நாலு பேரின் தோட்டம்தான். வேலிக்கு வெளியே ஒரு பாத்தியை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று விடுங்கள். அறுவடை நாளை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள், தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் ஒவ்வொரு மாதமும் புதியவர் ஒருவரின் பெயர் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: வராதவர்கள்

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஞாயிறு காலை பொருந்தாது. வருடத்தில் ஓரிரு நிகழ்ச்சியை வார நாள் மாலையில் வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், "நாங்க வீட்டுக்காரர் இல்லையே" என்று ஒதுங்குவார்கள். புதுப்பிப்புத் திட்ட வாக்களிப்பில் அவர்களுக்கு இடமில்லாமல் இருக்கலாம், காப்பி மேசையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பணிப்பெண்களை மறந்துவிடாதீர்கள். தாழ்வாரத்தில் எந்தப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

தனியாக இருக்கும் மூத்தோருக்கு அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தைக் காட்டுவது உங்கள் வேலை. காட்டுவது என்றால் துண்டுத்தாள் கொடுப்பது இல்லை, முதல் தடவை கூடவே நடந்துபோவது. அங்கே தமிழ் பேசும் ஒருவராவது இருக்கிறாரா, எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சுற்றி எல்லாரும் வேறு மொழி பேசும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட வீட்டில் தமிழ் வானொலி ஒலி 96.8 கேட்டுக்கொண்டிருப்பது மேல் என்று ஒரு தாத்தா நினைத்தால் அதில் தவறில்லை.

இளையர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், வரமாட்டார்கள், வந்தாலும் கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். மூத்தோரின் கைப்பேசியில் சிடிசி பற்றுச்சீட்டு எடுக்கக் கற்றுத்தரும் மேசையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: சண்டைக்கு நீதிபதி ஆகாதீர்கள்

உங்களைத் தெரிந்துவிட்டால் அண்டைவீட்டுத் தகராறும் உங்களிடம் வரும். மேல்மாடி நாற்காலி இழுக்கும் சத்தம், தாழ்வாரத்துச் செருப்பு அலமாரி, ஊதுவத்திப் புகை. இரண்டு பக்கத்தையும் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேசித் தீராவிட்டால் 1998 முதல் இயங்கும் சமூகச் சமரச நிலையத்தைச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தீர்கள் என்று பெயர் வந்துவிட்டால் அந்தத் தாழ்வாரத்தில் பாதி வீடு உங்களுக்கு மூடிவிடும்.

கடைசியாக, எண்ணிக்கையும் கைமாற்றும்

நிகழ்ச்சி முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை கேட்பார்கள். கொடுங்கள், அது அலுவலக வேலை. அன்பளிப்புப் பைக்கு நின்ற வரிசையும் அந்த எண்ணில் அடங்கிவிடும் என்பதால் உங்களுக்கென்று வேறு கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: வேலை எடுத்துச் செய்தவர்கள் யார், அவர்களில் புதியவர்கள் யார், போன முறை செய்துவிட்டு இந்த முறை வராதவர் யார். மூன்றாவது பட்டியலில் உள்ளவர்களை அந்த வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் சிறியதாக இருக்கும். பேரப்பிள்ளை பிறந்திருக்கும், முட்டி வலியாக இருக்கும், யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். விட்டுவிட்டால் திரும்ப வரமாட்டார்.

பணத்தைச் சொந்தப் பையிலிருந்து போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ரசீது இல்லாத செலவுக்குப் பணம் வராது. செலவு செய்யுமுன் பொருளாளரிடம் கேளுங்கள், ரசீதை அன்றே படம் எடுத்து அனுப்புங்கள்.

இரண்டாம் ஆண்டு வந்ததும் உங்கள் வேலையில் பாதியை ஒருவரிடம் கொடுக்கத் தொடங்குங்கள். சேமிப்பறைச் சாவி, நகர மன்றத்தில் யாரிடம் பேசுவது, கீழ்த்தள முன்பதிவுக்கு எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும், ஹலால் கடையின் எண், எந்த வீட்டில் ஸ்பேனர் இருக்கிறது, யாருக்கு யாரோடு பேச்சு இல்லை. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி விஷயத்தை மட்டும் எழுதாமல் வாயால் சொல்லுங்கள்.